தரவுத்தளத்தின் வாசலைக் காக்கும் மூன்று கோப்புகள்

வரவு செலவுக் கணக்கும் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலும் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறிவிட்ட காலம் இது. இத்தகைய தரவுத்தளங்களை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். பரவலாகப் பயன்படும் ஆரக்கிள் தரவுத்தளத்தை வலையமைப்பில் இணைக்கும் மூன்று சிறு கோப்புகளைப் பற்றி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, 'லிசனர்.ஓரா'. இது தரவுத்தளம் இயங்கும் சர்வர் கணினியில் இருக்கும். 'லிசனர்' என்பது வாசலில் நின்று வருவோரை உள்ளே அனுப்பும் நிரல். அது எந்த முகவரியில், எந்த வாயில் எண்ணில் காத்திருக்க வேண்டும் என்பதை இக்கோப்பு கூறும். வழக்கமான எண் 1521.

இரண்டாவது, 'டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா'. இது பயனாளரின் கணினியில் உள்ள முகவரிப் புத்தகம். ஒரு சுருக்கப் பெயரைக் கொடுத்தால் சர்வரின் முகவரி, வாயில் எண், சேவைப் பெயர் ஆகியவற்றை எடுத்துத் தரும். இதில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் இணைப்பு கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது, 'எஸ்கியூஎல்நெட்.ஓரா'. இது இரு பக்கமும் இருக்கலாம். பெயரை எம்முறையில் தேடுவது என்பதை இது தீர்மானிக்கும். சர்வரில், குறிப்பிட்ட கணினிகளுக்கு மட்டுமே அனுமதி என்றும் இதில் எழுதி வைக்கலாம். நன்கொடையாளர் விவரம் அந்நியர் கைக்குப் போகாதிருக்க இஃது ஒரு நல்ல காவல்.

இணைப்பு கிட்டாதபோது பதறாமல் பிழை எண்ணைப் பாருங்கள். 12154 என்றால், கொடுத்த பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. பயனாளர் கணினியில் தேடுங்கள். 12541 என்றால், அந்த முகவரியில் லிசனர் இல்லை. 12514 என்றால், லிசனர் இருக்கிறது. ஆனால் கேட்ட சேவையை அது அறியவில்லை. 'டிஎன்எஸ்பிங்' கட்டளை வெற்றி பெற்றாலும், லிசனரை எட்ட முடிகிறது என்பதே அதன் பொருள். தரவுத்தளம் இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது.

இறுதியாக, நான் வலியுறுத்துவது ஒன்று. ஆரக்கிளின் 'ஆர்மேன்' கருவி தரவுத்தளத்தை நகலெடுக்கும். இம்மூன்று கோப்புகளையும் எடுக்காது. சர்வர் பழுதாகி, தரவுகளை முழுமையாக மீட்டாலும், இவை இல்லையெனில் பயனாளர்கள் வெளியிலேயே நிற்க நேரிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இவற்றைத் தனியே நகலெடுத்து, தேதியிட்டு, வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிறர் நம்பி ஒப்படைத்த கணக்கைக் காப்போர்க்கு இதுவும் ஒரு கடமையே.