புது மூட்டும் பழைய நடையும்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் மத்தியில் அநேகர் உண்டு. தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்கள், ரத்த ஓட்டம் நின்று எலும்பின் பந்து நொறுங்கிப்போனவர்கள், தேய்மானத்தினால் ராத்தூக்கம் இழந்தவர்கள் எல்லாரும் ஆபரேஷனுக்குப் பிறகு வலி நீங்கினதற்காகச் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் மாதங்கள் கடந்த பின்னும் சிலர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறதைப் பார்க்கிறோம். "வலியே இல்லைங்க பிரதர், நொண்டல் மட்டும் போகமாட்டேங்குது" என்கிறார்கள்.

இவர்களில் சிலர், "யாக்கோபுக்கும் தொடைச்சந்துலதானே தொட்டாரு, எனக்கும் இது ஒரு அடையாளம்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலரோ, சாட்சி சொல்ல எழும்பும்போது கைத்தடியைத் தூக்கி வைத்துவிட்டு நடந்து காட்ட ஆசைப்படுகிறார்கள். இரண்டும் சரியல்ல. முதலாவது, போகக்கூடிய நொண்டலைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது. இரண்டாவது, அதை இன்னும் ஆழமாய்ப் பழக்கிவிடுவது. எப்படியென்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. நொண்டல் எங்கேயிருந்து வருகிறது?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. ஆபரேஷனில் கெட்டுப்போன பந்தை எடுத்துவிட்டு, உலோகத்தண்டின்மேல் உலோகத்தாலோ செராமிக்காலோ ஆன பந்தை வைக்கிறார்கள். கிண்ணத்துக்கும் புதிய உட்பாகம் பொருத்துகிறார்கள். இங்கிலாந்திலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ம் ஆண்டில் பாலிஎத்திலீன் கிண்ணத்தை உபயோகிக்கத் தொடங்கினார். இன்றைய ஆபரேஷனுக்கு அதுவே அஸ்திபாரம்.

கவனியுங்கள்! டாக்டர் மாற்றுகிறது மூட்டை மாத்திரமே. தசையை அவர் மாற்றுகிறதில்லை, நடையையும் மாற்றுகிறதில்லை. வருஷக்கணக்காய் வலிக்குப் பயந்து அந்தக் காலில் பாரம் வைக்காமல் நடந்ததினால் சுற்றியுள்ள தசைகள் மெலிந்துபோயின. ஆபரேஷனும் அவைகளைக் கொஞ்சம் நோகப்பண்ணுகிறது.

இடுப்பின் வெளிப்பக்கத்தில் குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசை இருக்கிறது. நாம் ஒரு காலைத் தூக்கும்போது, ஊன்றியிருக்கிற காலின் பக்கத்துத் தசைதான் இடுப்பைச் சமமாய்ப் பிடித்துக்கொள்கிறது. அது பெலவீனமானால் தூக்கின காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கும். விழாமலிருக்க உடம்பு ஊன்றின காலின்மேல் சாயும். இதுதான் அந்த நொண்டல். ஜெர்மனி தேசத்து டாக்டர் டிரெண்டலென்பர்க் 1895-ம் ஆண்டில் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள்.

ஆகவே பெரும்பாலும் நொண்டலுக்குக் காரணம் இரண்டு: தசையில் பெலன் இல்லை, பழைய பழக்கம் விடவில்லை. இரண்டையும் மாற்றலாம். சிலருக்குக் கால் நீள வித்தியாசமோ, நரம்புப் பாதிப்போ, மூட்டுத் தளர்ச்சியோ காரணமாயிருக்கலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். "ஆபரேஷன் கால் நீளமாயிட்ட மாதிரி இருக்கு" என்று முதல் மாதங்களில் அநேகருக்குத் தோன்றும். தசை இளகும்போது பெரும்பாலும் அது சரியாகிவிடும். அவசரப்பட்டுச் செருப்புக்கு அட்டை வைக்கவேண்டாம்.

2. தடி எந்தக் கையில்?

ஆபரேஷன் வலது காலில் என்றால் தடி இடது கையில்! அநேகர் நோவுள்ள பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அது உடம்பை அந்தப் பக்கமே சாய்க்கிறது.

ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின்மேல் வருகிற பாரம் உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 கிலோவுக்கும் மேல்! மூட்டுக்கு வெகு அருகிலிருந்து இழுக்கவேண்டியிருப்பதால் அந்தத் தசை அவ்வளவு பலமாய் இழுக்கிறது. எதிர்க்கையிலுள்ள தடியோ மூட்டுக்குத் தூரத்தில் ஊன்றுகிறது. ஆகவே கொஞ்சம் அழுத்தினாலே தசையின் வேலை வெகுவாய்க் குறைகிறது, உடம்பும் நேராய் நிற்கிறது. தடியும் ஆபரேஷன் காலும் சேர்ந்து முன்னே போகட்டும், பிறகு நல்ல கால்.

தடியை எப்போது விடலாம்? நாள் கணக்கு மாத்திரம் பார்க்கவேண்டாம். டாக்டர் அனுமதித்த பிறகு, தடியில்லாமல் சாயாமல் நடக்கமுடிகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் தடி இன்னும் தேவை. தடியோடு நேராய் நடக்கிறவன் நேர்நடையைப் பழகுகிறான். தடியில்லாமல் சாய்ந்து நடக்கிறவன் நொண்டலைப் பழகுகிறான்.

3. நடையைத் திரும்பப் படியுங்கள்

குதிகால் முதலில் தரையில் படட்டும், பின்பு பாதம், கடைசியில் விரல்களால் தள்ளுங்கள். இரண்டு எட்டும் ஒரே அளவாயிருக்கட்டும். நல்ல காலின் எட்டு குட்டையாயிருந்தால், ஆபரேஷன் கால் பின்னாக நீளவில்லை என்று அர்த்தம். அதற்கு நெடுநேரம் உட்கார்ந்தேயிருக்கக்கூடாது, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கவும் கூடாது. மல்லாந்து தட்டையாய்ப் படுங்கள்.

சிமெண்டுத் தரையில் நடந்து காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். "டக்... டக்..." என்று சமமாய்க் கேட்கவேண்டும். தரையைப் பார்க்காமல் முன்னே பாருங்கள். களைத்து நொண்டல் ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். நொண்டிக்கொண்டு ஒரு மைல் நடப்பதைப்பார்க்கிலும் நேராய்ப் பத்து நிமிஷம் நடப்பது நல்லது.

4. தசைக்குப் பெலன்

பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தவைகளை மாத்திரம் செய்யுங்கள். சாதாரணமாய்க் கற்றுக்கொடுக்கிறவைகள்: கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுதல், பிட்டத்தை இறுக்கி விடுதல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் நீட்டுதல், பின்னாக நீட்டுதல். காலை நீட்டும்போது உடம்பு சாயக்கூடாது. ஒருநாள் நூறு தரம் செய்து மறுநாள் படுத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை. தினமும் கொஞ்சமே போதும்.

5. ஜாக்கிரதை!

மூட்டு நழுவாதபடிக்கு, முதல் சில வாரங்களுக்குக் கால்மேல் கால் போடக்கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக்கூடாது, குனிந்து தரையிலுள்ளதை எடுக்கக்கூடாது என்று அநேக டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆபரேஷன் முறைக்குத்தக்கதாக இது மாறும். ஆகவே உங்கள் டாக்டரையே கேளுங்கள். இந்தியன் டாய்லெட்டும், பாயில் சம்மணமிடுவதும் அவர் சொல்லும்வரை வேண்டாம். முழங்கால்படியிடுவதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறதினால் ஒரு குறைவும் இல்லை.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் சீழ் வந்தாலோ, திடீரென்று கடும் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

6. எவ்வளவு காலம்?

ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்கவைப்பார்கள். பின்பு வாக்கர், அதன்பின் தடி. மூன்று மாதத்தில் அநேகர் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தசையின் பெலனோ ஒரு வருஷம் வரைக்கும் கூடிக்கொண்டேபோகும். ஆறு மாதமாகியும் நொண்டுகிறவரே, உங்கள் காலம் முடிந்துபோகவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் திரும்பப் போங்கள். உங்கள் நடையை அவர் பார்க்கட்டும்.

வீட்டாருக்கும் விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. "இன்னுமா தடி வச்சிருக்கீங்க அங்கிள்?" என்று கேட்காதிருங்கள். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டே அநேகர் சீக்கிரம் தடியை விட்டார்கள், நொண்டல் அவர்களை விடவில்லை. அதற்குப் பதிலாக, "வாங்க அங்கிள், தெருமுனை வரைக்கும் நானும் கூட வர்றேன்" என்று சொல்லி, அவர் நடைக்கு நடையாய் மெதுவாய் நடங்கள்.

கேள்விகள்

1. ஆபரேஷன் மாற்றுகிறது எதை? மாற்றாதது எது?
2. தடியை எந்தக் கையில் பிடிக்கவேண்டும்? ஏன்?
3. தடியை விடுவதற்கு முன் எதைப் பார்க்கவேண்டும்?
4. இந்த வாரம் யாரோடு நீங்கள் தெருமுனை வரைக்கும் நடப்பீர்கள்?