சேகரமும் அதன் பணியாளரும்: அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை முறை

கோயில் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் குருவானவரே. வெள்ளங்கி தரித்துப் பீடத்தருகில் நின்று அவர் செபிக்கும் தோற்றமே கோயிலின் தோற்றமாக நமக்குப் படுகின்றது. ஆயின், ஞாயிற்றுக்கிழமை வழிபாடு ஒன்று இனிது நிறைவேறுதற்கு எத்தனை கைகள் உழைக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. விடியுமுன் கதவு திறந்து மணியடித்தவர் யார்? பீடத்து விரிப்பை வெளுத்து மடித்து வைத்தவர் யார்? பாட்டுக்காரரைப் பழக்கியவர் யார்? காணிக்கையை எண்ணிக் கணக்கெழுதியவர் யார்? கூரை ஒழுகினால் கொத்தனைத் தேடிச் செல்பவர் யார்? இவர்தம் பணிகள் எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளன, எவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, அவ்வதிகாரத்துக்கு எல்லை யாது என்பவற்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் முறையை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அச்சபை ஆங்கிலத் திருச்சபையின் வழி வந்தது. 1947-ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த நம் நாட்டு ஆங்கிலிக்கச் சேகரங்களும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கு முற்றும் அயலான தன்று.

பெயர்களும் பொருளும்

முதற்கண் சில சொற்களை நோக்குவோம். 'எப்பிஸ்கொப்பொஸ்' என்பது கிரேக்கச் சொல். மேலிருந்து பார்ப்பவர் என்பது அதன் பொருள். நம் தமிழ் வேதாகமம் அதனைக் 'கண்காணி' என மொழிபெயர்த்துள்ளது. பிற்காலத்தார் 'அத்தியட்சர்' என்றனர். அத்தியட்சரால் ஆளப்பெறும் சபை எப்பிஸ்கோப்பல் சபையாயிற்று. 'டீக்கன்' என்னும் சொல்லுக்கு ஊழியன் என்பதே பொருள். சேகரத் தலைமைக் குருவுக்கு வழங்கும் 'ரெக்டர்' என்னும் பெயர், ஆளுதல் எனப் பொருள்படும் லத்தீன் அடியிற் பிறந்தது. பிறர் சார்பாகப் பணி செய்பவர் 'விக்கார்'. எப்பிஸ்கோப்பல் சபையில் தற்சார்பு பெறாத சிறு சபைகளை அத்தியட்சரின் சார்பாக நடத்தும் குருவுக்கு இப்பெயர் வழங்குகின்றது. 'வார்டன்' என்பவர் காவலர். 'வெஸ்ட்ரி' என்பதோ குருவின் அங்கிகள் வைக்கும் அறை. அவ்வறையிற் கூடிப் பேசிய மக்கள் மன்றத்துக்கும் நாளடைவில் அவ்வறையின் பெயரே நிலைத்துவிட்டது.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின், ஆள்பவர், காப்பவர், பார்ப்பவர், ஊழியர் என ஒரு சிறிய அரசே அவற்றுள் அடங்கியிருத்தல் புலனாகும். அரசு என்றால் அதிகாரப் போட்டியும் உண்டன்றோ? அப்போட்டியின் வரலாறே இம்முறையின் வரலாறு எனல் மிகையாகாது.

வெர்ஜீனியாவில் நிகழ்ந்தது

1607-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வெர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் குடியிருப்பை நிறுவியபோது ராபர்ட் ஹன்ட் என்னும் குருவானவரும் உடன் சென்றார். சேகரங்கள் பெருகின, ஆனால் அத்தியட்சர் ஒருவரும் அந்நாட்டில் இல்லை. லண்டன் அத்தியட்சரே கடலுக்கு அப்பாலிருந்து அவற்றைக் கண்காணிக்க வேண்டியவரானார். குருப்பட்டம் பெற விழைந்த இளைஞர் கப்பலேறி இங்கிலாந்து சென்று மீளவேண்டியிருந்தது. அப்பயணத்திற் கடலாலும் அம்மை நோயாலும் உயிரிழந்தாரும் உளர்.

கண்காணி அருகில் இல்லாத இடத்து அதிகாரம் யார் கையிற் சேரும்? வெர்ஜீனியாவில் அது வெஸ்ட்ரியார் கையிற் சேர்ந்தது. பன்னிருவர் கொண்ட அம்மன்றத்தில் இடம் ஒன்று ஒழிந்தால் எஞ்சியவரே ஆள் தெரிந்து நிரப்பிக்கொண்டனர். மக்கள் தேர்தல் என்பது மறைந்தது. பெருநிலக்கிழாரே உறுப்பினராயினர். சேகர வரி விதித்தலும் ஏழைகளைப் புரத்தலும் அவர்தம் கடமையாயிருந்தன. பிற்காலத்தில் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனும் 1762-இல் ட்ரூரோ சேகரத்து வெஸ்ட்ரி உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டவரே.

குருவானவருக்குச் சம்பளம் புகையிலையாக அளக்கப்பட்டது. 1696-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஆண்டுக்கு 16,000 பவுண்டு எடை என வரையறுத்தது. குருவானவரை வெஸ்ட்ரியார் ஆளுநர்முன் நிறுத்தி முறைப்படி பதவியில் அமர்த்திவிட்டால் அவரை எளிதில் நீக்க இயலாது. ஆதலின் வெஸ்ட்ரியார் பலர் அவ்வாறு நிறுத்தாமலே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டனர். ஆண்டு முடிவில் தம் பிழைப்பு என்னாகுமோ என்று அஞ்சும் குருவானவர், பெருநிலக்கிழார் ஒருவரின் தவற்றை அவர் முகத்தெதிரே எங்ஙனம் கடிந்துரைப்பார்? மக்கள் தலைவர் கைக்கு எல்லையற்ற அதிகாரம் வரின் போதக மேடை ஊமையாகிவிடும் என்பதற்கு வெர்ஜீனியாவே சான்று.

புதிய அமைப்பு

அமெரிக்கப் புரட்சிக்குப் பின் ஆங்கில அரசரைத் தலைவராகக் கொண்ட சபை அந்நாட்டில் அவ்வாறே நிலைத்தல் இயலாதாயிற்று. அரசனுமின்றி அரசாங்கப் பொருளுமின்றிச் சபை பிழைக்குமா என்ற ஐயம் எழுந்தது. அப்போது பிலடெல்பியா நகரத்துக் குருவான வில்லியம் வொயிட் 1782-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். குருமாரும் பொதுமக்களின் பிரதிநிதிகளும் ஒருங்கு கூடிச் சபையை நடத்தலாம் என்பது அவர் கருத்து. கனெக்டிகட் குருமாரோ அத்தியட்சர் இன்றிச் சபை இல்லை என்றனர். அவர் தெரிந்துகொண்ட சாமுவேல் சீபரி, ஆங்கில நாட்டில் அரசப்பற்று உறுதிமொழி இடையூறாக நின்றமையின், ஸ்காட்லாந்து சென்று 1784 நவம்பர் 14-இல் அபெர்டீன் நகரில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். வொயிட்டும் சாமுவேல் புரொவூஸ்ட்டும் 1787 பிப்ரவரி 4-இல் லண்டனில் அபிஷேகம் பெற்றனர். 1789-இல் பிலடெல்பியாவிற் கூடிய பொது மாமன்றம் இரு கருத்தையும் இணைத்தது. அத்தியட்சர் அவை ஒன்று. பிரதிநிதிகள் அவை ஒன்று. பின்னதில் குருமாரும் பொதுமக்களும் சமமாக அமர்வர். இன்றியமையாத செய்திகளில் இருசாராரின் வாக்கும் தனித்தனியே எண்ணப்பெறும். ஒருசாரார் மறுத்தால் தீர்மானம் நிறைவேறாது. மேலே கண்ட இவ்விணைப்பே கீழே ஒவ்வொரு சேகரத்திலும் சிறிய அளவில் விளங்குகின்றது.

சேகரத்தின் உள்ளமைப்பு

ரெக்டர் பதவி வெறிதாகும்போது வெஸ்ட்ரி மன்றம் தக்கார் ஒருவரைத் தேடித் தெரிந்தெடுக்கும். ஆயினும் அத்தியட்சருக்கு அறிவித்து, அவர் கருத்தைக் கேட்ட பின்னரே அது நிறைவேறும். ஒருமுறை அமர்ந்த ரெக்டரை வெஸ்ட்ரி தன் விருப்பப்படி நீக்க இயலாது. அவரும் வெஸ்ட்ரியின் இசைவின்றிப் பதவி விட்டு விலக இயலாது. பிணக்கு நேர்ந்தால் அத்தியட்சரே நடுநின்று விதிப்படி தீர்ப்பார். வெர்ஜீனியாவின் பழைய குறை இவ்வாறு நீங்கியது.

வழிபாடும் போதனையும் ஆன்ம காரியங்களும் ரெக்டரின் பொறுப்பு. இசைக்கலைஞர் முதல் அலுவலகப் பணியாளர் வரை அவர்தம் மேற்பார்வையிலேயே வேலை செய்வர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை, வேறொன்றற்கெனக் குறிக்கப்படாதவிடத்து, ஏழைகளின் பொருட்டு அவர் கையில் ஒப்புவிக்கப்பெறும் என்பதும் விதி. பொருளும் கட்டிடமும் வரவுசெலவுத் திட்டமும் வெஸ்ட்ரியின் பொறுப்பு. சட்டத்தின் கண்ணிற் சேகரத்தின் பிரதிநிதி அதுவே. எனினும் அம்மன்றத்தில் தலைமை வகிப்பவர் ரெக்டர். பணத்தை ஆள்பவர் மேடையை ஆளார். மேடையை ஆள்பவர் தனித்துப் பணத்தை ஆளார். கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பெற்று, சேகர அறிக்கை அத்தியட்சருக்கு அனுப்பப்பெறும். 1979-இல் இயற்றிய விதி ஒன்றின்படி சேகரத்துச் சொத்து முழுமையும் திருச்சபைக்கென நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டதாகும்.

வெஸ்ட்ரி உறுப்பினரைச் சேகர மக்கள் ஆண்டுக் கூட்டத்தில் தெரிந்தெடுப்பர். பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருவர் பணியாற்றுவார். ஆண்டுதோறும் ஒரு பகுதியினர் விலகப் புதியவர் வருவர். இவருள் தலையாயவர் வார்டன் இருவர். மூத்த வார்டன் ரெக்டருக்கு உற்ற துணைவர். ரெக்டர் இல்லாத காலத்திற் சேகரத்தைத் தாங்குபவரும் அவரே. இளைய வார்டனிடம் கட்டிடங்களைப் பேணும் கடமை பல சேகரங்களில் ஒப்படைக்கப்படுகிறது. பொருளாளரும் மன்ற எழுத்தரும் இவரோடு சேர்வர். பெரிய சேகரமாயின் உதவிக்குருவும் டீக்கனும் இருப்பர். டீக்கனின் சிறப்புக் கடமை ஏழை, பிணியாளர், கைவிடப்பட்டோர் ஆகியோரின் குறையைச் சபையின் செவியில் இடுவது.

சம்பளம் பெறும் பணியாளராக அலுவலகச் செயலர், ஆர்கன் வாசிப்பவர், சிறுவர் கல்விக்குப் பொறுப்பானவர், கோயில்குட்டி ஆகியோர் உளர். சம்பளம் பெறாதார் தொகையோ மிகப் பெரிது: பீடத்தை அணிசெய்யும் சங்கத்தார், சிலுவையும் விளக்கும் ஏந்திச் செல்லும் இளைஞர், வேதபாடம் வாசிப்பவர், வருவோரை வரவேற்று இடங்காட்டுவோர், பாடகர். நற்கருணைப் பாத்திரம் வழங்குதல், வீட்டிற் கிடக்கும் நோயாளிக்கு நற்கருணை கொண்டுசெல்லுதல், வழிபாடு நடத்துதல் முதலியவற்றுக்கு அத்தியட்சரின் உரிமைச்சீட்டுப் பெற்ற பொதுமக்களும் உண்டு. 1979-ஆம் ஆண்டுச் செபநூலிலுள்ள ஞானோபதேசம் சபையின் ஊழியர் யாவர் என விடைகூறுமிடத்துப் பொதுமக்களை முதலில் வைத்து, அத்தியட்சர், குரு, டீக்கன் ஆகியோரைப் பின்னர் வைக்கின்றது. அவ்வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

முறையின் குறையும் நிறைவும்

இத்துணைச் செவ்விய அமைப்பில் அநீதி புகாதோ எனின், புகுந்தது. அப்சலோம் ஜோன்ஸ் என்பவர் 1746-இல் டெலவேர் நாட்டில் அடிமையாய்ப் பிறந்தவர். உழைத்துச் சேர்த்த பொருளால் முதலில் தம் மனைவியை மீட்டு, பின்னர் 1784-இல் தம்மை மீட்டுக்கொண்டார். பிலடெல்பியாவில் கறுப்பின மக்கள் எழுப்பிய தூய தோமா கோயில் 1794 ஜூலை 17-இல் திறக்கப்பட்டது. தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையோடு அவர்கள் எப்பிஸ்கோப்பல் சபையிற் சேர்ந்தனர். ஜோன்ஸ் 1795-இல் டீக்கனாகி, பின்னர் அச்சபையின் முதற் கறுப்பினக் குருவானார். ஆயினும் அச்சேகரம் அத்தியட்சாதீன மன்றத்துக்குப் பிரதிநிதிகளை அனுப்பலாகாது எனத் தடுக்கப்பட்டது. அத்தடை நீங்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கோயில் உண்டு, குரு உண்டு, வெஸ்ட்ரி உண்டு. பொது அவையில் வாய் மட்டும் இல்லை.

பெண்மக்கள் நிலையும் இத்தகையதே. பீடத்து விரிப்பை வெளுத்தவரும் சிறுவர்க்கு வேதம் கற்பித்தவரும் பெரும்பாலும் அவரே. ஆனால் பொது மாமன்றத்தின் பிரதிநிதிகள் அவை அவருக்குப் பொதுவாகத் திறந்தது 1970-இல்தான். 1974 ஜூலை 29-இல் பிலடெல்பியாவின் அட்வொக்கேட் கோயிலில், விதி இன்னும் இடந்தராத நிலையிலே, பதினொரு பெண் டீக்கன்மாருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அத்தியட்சர் அவை அதனைச் செல்லாது என்றது. ஆயினும் 1976-இல் மாமன்றம் பெண் குருத்துவத்துக்கு வழிவிட்டது. அன்று பவனியின் முன்னே சிலுவை ஏந்திச் சென்றவர் பார்பரா ஹாரிஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவர் அப்போது குருவல்லர், டீக்கனுமல்லர். அக்கோயிலின் மூத்த வார்டன். அவரே 1980-இல் குருவாகி, 1989 பிப்ரவரி 11-இல் பாஸ்டன் நகரில் துணை அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். உலக ஆங்கிலிக்க ஐக்கியத்திலேயே முதற் பெண் அத்தியட்சர் அவர். வார்டன் பதவி வெறும் கட்டிடக் காவல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடிவுரை

இவற்றால் நாம் அறிவன யாவை? அதிகாரத்தை ஒருவர் கையிற் குவித்தலும் தீது. அதனைத் தமக்குள்ளே பூட்டிக்கொள்ளும் சிறு கூட்டத்தார் கையில் விடுதலும் தீது. பகிர்ந்த அதிகாரமே நன்று; ஆனால் அப்பகிர்விலும் ஒருசாரார் விடுபட்டிருப்பரேல் விதிநூல் எத்துணைச் செம்மையாயினும் நீதி ஆகாது.

எம்மூர்க் கோயிலில் மணியடிக்கும் முதியவர் ஒருவர் உளர். இக்கட்டுரை எழுதப் புகுந்த விடுமுறையில் அவரை அணுகி, 'ஐயா, எத்தனை ஆண்டாக இவ்வேலை பார்க்கிறீர்கள்?' என வினவினோம். 'குருவானவர் ஏழு பேரைப் பார்த்துவிட்டேன், தம்பி' என்றார். ஆண்டுக் கணக்கு அவருக்கு அதுவே. சேகரக் கூட்டத்தில் அவர் ஒருநாளேனும் பேசியதுண்டா என்று கேட்க எண்ணினோம். கேட்க நா எழவில்லை. ஏனெனில் அக்கூட்டங்களில் அவர் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வாயிலிற் போய் நிற்பதை யாமே பன்முறை கண்டுளோம்.

கல்லூரி விட்டுச் செல்லும் நம்மிற் பலர் நாளைச் சேகரமன்றங்களில் அமர்வோம். பழைய மாணவருட் பலர் இன்றே அமர்ந்துள்ளனர். அங்கே கட்சி கட்டுதலும் வாக்குச் சேர்த்தலும் எளிய. தீர்மானத்தைக் கையொப்பமிடுமுன் வாயிலில் நிற்பவரை உள்ளழைத்து இருக்கை தந்து கேட்பதே அரிது. அதனைச் செய்ய இப்பொழுதே பழகிக்கொள்வோமாக.