மாட்டுத் தோலில் மயிர் களையும் முறை

கீழ்க்கட்டளையிலிருந்து மேற்கே சில மைல் தூரத்தில் பல்லாவரமும் குரோம்பேட்டையும் நாகல்கேணியும் உள்ளன. ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியினாலேயே குரோம்பேட்டைக்கு அப்பெயர் உண்டாயிற்று. குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் சோதனைகளைச் சென்னையில் 1903-ஆம் ஆண்டு ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கினார். அதற்கு நெடுநாள் முன்னதாகவே ஆவாரம்பட்டையிற் பதனிட்ட சென்னைத் தோல் சீமைச் சந்தையிற் பெயர் பெற்றிருந்தது. பட்டையாயினும் குரோமாயினும், அதற்கு முன் சுண்ணாம்புத் தொட்டியில் நேர்ந்த பிழையைப் பின்னர் எவ்வித மருந்தாலும் திருத்த இயலாது.

உப்பிட்டு வந்த தோலை முதலில் நல்ல நீரில் ஊறவைத்து, உப்பும் இரத்தமும் சாணமும் நீங்கும்படி அலச வேண்டும். அலசாத தோலிற் சுண்ணாம்பு ஒரே சீராகப் பாயாது. பின்னர் அதனைச் சுண்ணாம்புப் பாலில் இடுவர். பழைய வழக்கப்படி, முன்பே உபயோகித்த தொட்டியில் முதலிலும் புதுச் சுண்ணாம்பில் இறுதியிலும் இடுவது உண்டு. நாள்தோறும் தோலை வெளியே எடுத்து, தொட்டியைக் கலக்கி, மறுபடியும் இடுதல் அவசியம். சுண்ணாம்பு அடியிற் படியும் இயல்புடையது. கட்டைவிரலால் தள்ளியவுடன் மயிர் வேரோடு கழன்று வருமாயின் பக்குவம் வந்துவிட்டதென அறியலாம். அப்பொழுது தோலை வளைந்த மரத்தின்மேல் விரித்து, இருபுறமும் பிடியுள்ள மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளி நீக்குவர். கூரிய கத்தி இவ்வேலைக்கு ஆகாது. ஒரு கீறல் விழுந்தாலும் தோலின் மேல்முகம் பழுதாகி விலை குறைந்துவிடும்.

சுண்ணாம்பில் வைக்கும் காலம் குறைந்தால் நுண்மயிர் தங்கிச் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். மிகுந்தாலோ தோலின் சத்துக் கரைந்து, பதனிட்டபின் அது தளர்ந்து சக்கையாய்ப் போகும். இவ்விரண்டில் பின்னதே பெரிய நஷ்டம். ஏனெனில் தங்கிய மயிரை மீண்டும் களையலாம், கரைந்த சத்தை மீண்டும் சேர்க்க முடியாது.

வேலையை விரைவுபடுத்தச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கின்றனர். மயிரின் புரதத்திற் கந்தகப் பிணைப்புகள் உண்டு. தோலின் நார்ப்புரதத்தில் அவை இல்லை. சல்பைடு அப்பிணைப்புகளையே அறுப்பதால் மயிர் கூழாகி, நார் நிற்கிறது. வேலை எளிதெனினும் அக்கூழ் முழுவதும் கழிவுநீரிற் கலக்கிறது. பதனிடும் சாலையின் அழுக்கில் பெரும்பங்கு இக்கட்டத்தில் உண்டாவதே. ஆகையால் சல்பைடும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தோலின் சதைப்புறத்திற் பூசி, வேர் தளர்ந்தவுடன் மயிரை முழுதாக எடுப்பதே மேலானது. மயிர் கரையாமையால் கழிவுநீரின் பளுவும் குறையும்.

சல்பைடு நீருடன் அமிலம் கலந்தால் உயிரைப் போக்கும் நச்சு வாயு எழும் என்பதை ஒவ்வொரு தொழிலாளிக்கும் கூறியிருத்தல் வேண்டும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். வாயு மிகும்பொழுது மூக்கு அந்நாற்றத்தை உணரும் சக்தியை இழந்துவிடுகிறது. நாற்றம் நின்றதென நம்பிக் குழியில் இறங்குவோர் உடனே மயங்கி விழுவர். தூக்கச் சென்றவரும் உடன் விழுவதுண்டு. எனவே அமிலக் கழிவும் சுண்ணாம்புக் கழிவும் ஒரே வாய்க்காலிற் சேரலாகாது. காற்றைச் சோதியாமல் எவரையும் குழியில் இறக்கலாகாது.

1948-இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், சல்பைடுக்குப் பதிலாக நொதிகளைக் கொண்டு மயிர் களையும் முறைகளை ஆராய்ந்து தந்துள்ளது. நாட்டுப்புறத்தில் எருக்கம்பாலை இதற்கு உபயோகித்ததும் இதே தத்துவத்தின்பாற்பட்டதே. நொதிக்கு வெப்பநிலையும் நேரமும் அளவறிந்து காக்கப்பட வேண்டும். அயர்ந்தால் மயிரோடு தோலின் மேல்முகத்தையும் அது அரித்துவிடும். சங்கங்கள் இதனை மேற்கொள்ளுமுன் ஒரே மாட்டின் தோலை முதுகெலும்பு வழியே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பழைய முறையிலும் மறு பாதியைப் புதிய முறையிலும் செய்து, பதனிட்டபின் இரண்டையும் அருகருகே மடித்துப் பார்த்தல் நலம்.