நட்டது நன்மை, வெட்டுவது பாவமா?



நம் கபரஸ்தான் சுவரோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மர்ஹூம் அத்தாவுக்கு நன்மை சேரட்டும் என்று ஒரு சகோதரர் நட்டவை. அன்று துஆ ஓதியவன் நான்தான். இப்போது வெட்ட வேண்டும் என்றதும் அவர் கண் கலங்கிக் கேட்டார்: "மரம் நடுவது ஸதகா என்று நீங்கள்தானே ஹஜ்ரத் பயான் செய்தீர்கள்?"

செய்தேன். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மம் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. பிற உயிர்கள் உண்பதைத்தான் நபி (ஸல்) அவர்கள் அங்கே தர்மமாக எண்ணினார்கள். இந்த மஞ்சள் கொன்னையின் அடியில் புல்கூட முளைப்பதில்லை. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து அழகுக்காக வந்த மரம், இன்று முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. காட்டில் புல் இல்லையென்றால் மானும் யானையும் எங்கே போகும்? பிறகு, யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று நாமே முறையிடுகிறோம்.

உண்ணிச்செடியும் அப்படித்தான். ஆங்கிலேயர் பூந்தோட்டத்துக்காகக் கொண்டுவந்தது. இலை மாட்டுக்கு விஷம். கோடையில் காய்ந்த புதர், தரையில் ஊரும் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். மழை பொய்த்து வெப்பம் கூடும் வருடங்களில் சொல்லவே வேண்டாம்.

"அதன் பழத்தைப் பறவை தின்கிறதே, அது ஸதகா இல்லையா?" என்று மதரஸா மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. தின்ற பறவைதான் விதையைக் காடெங்கும் பரப்புகிறது. ஒரு நன்மையும் பெரிய தீங்கும் மோதினால், தீங்கைத் தடுப்பதே முந்தியது என்பது ஃபிக்ஹ் சட்ட விதி. பாதையில் மக்களுக்குத் தொல்லை தந்த மரத்தை வெட்டியவர் சுவனத்தில் உலவுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டதாக முஸ்லிமில் வருகிறதே!

அதற்காகக் கண்ட மரத்தில் கோடாரி வைத்துவிடாதீர்கள். மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையையும் தடுத்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். நம் நாட்டுச் சரக்கொன்றையும் மஞ்சளாகத்தான் பூக்கும்; அதன் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும். அதைத் தொடாதீர்கள். மஞ்சள் கொன்னையை வெறுமனே வெட்டினால் அடிமரம் மறுபடி துளிர்க்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்.

அந்தச் சகோதரர் நேற்று இரண்டு நாவல் கன்றுகள் கொண்டுவந்து தந்தார். அத்தா பெயரில்தான். ஜும்ஆ முடிந்ததும் கபரஸ்தானுக்கு வாருங்கள். வீட்டில் மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள்.