முற்றுகை கடந்த முடங்கல்கள்

அழகிய தபால் தலைகளைத் திரட்டுவோர் பலர். தபால் தலையே ஒட்டப்பெறாத பழைய உறையொன்றைப் பொன்னினும் சிறந்ததாகப் போற்றுவோர் சிலர். வெளிறிய அவ்வுறையின்மீது ‘ஷிப்’ என்னும் முத்திரையும், 12 என்னும் எண்ணும், வில்மிங்டன் என்னும் ஊர்ப்பெயரும் காணப்படும். அது கடற்படையொன்றின் காவலைக் கடந்து வந்த கடிதமாகும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கும்பொருட்டு ஒன்றியத்தினின்றும் பிரிந்தமையால், 1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் தென்னாட்டுத் துறைமுகங்களை முற்றுகையிடுமாறு பணித்தார். பருத்தி வெளியே செல்லலாகாது, படைக்கலம் உள்ளே வரலாகாது என்பதே நோக்கம். கடிதப் போக்குவரத்தும் உடன் தடைப்பட்டது.

ஆயினும், பெரும்பொருள் ஈட்ட விழைந்த கப்பல் தலைவர்கள் அஞ்சினாரல்லர். அவர்தம் நீராவிக் கப்பல்கள் நீண்டு, தாழ்ந்து, சாம்பல் நிறம் பூசப்பெற்றிருந்தன. புகை மிகாத நிலக்கரியை எரித்து, விளக்குகளை அவித்து, நிலவில்லாத இரவுகளில் அவை ஓசையின்றி நழுவிச் செல்லும். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த பகாமாத் தீவுகளின் நாசோ நகரமும் பெர்முடாவும் அவற்றிற்குப் புகலிடங்கள். நாசோவினின்றும் வில்மிங்டன் சுமார் 570 மைல் தொலைவு. சரக்குப் பொதிகளுக்கிடையே கடிதப் பை ஒன்றும் கிடக்கும். பகைக்கலம் நெருங்கிவிடின் அப்பையைக் கடலில் எறிந்துவிடுவதுண்டு. பிடிபட்டால் அக்கடிதங்களே வழக்குமன்றத்தில் சான்றாகிவிடும் அன்றோ! வணிகர் கணக்கோடு, மகன் நலம் வினவிய தாயின் மடலும் மூழ்கிப்போகும்.

ஐரோப்பாவிலிருந்து எழுதுவோர் தம் கடிதத்தை மற்றோர் உறையுள் இட்டு நாசோவிலுள்ள முகவருக்கு விடுப்பர். முகவர் மேலுறையை நீக்கி, உள்ளுறையை மட்டும் கப்பலில் ஏற்றுவார். ஆதலின், அதில் அயல்நாட்டுத் தபால் தலை இராது. 1862 ஜூலைக்குப் பின்னர், உள்நாட்டுக் கட்டணம் 10 சென்டும் கப்பல் தலைவனுக்குரிய 2 சென்டும் கூட்டி, துறைமுக அஞ்சலகத்தார் 12 எனக் குறித்தனர். கடல்வழி வந்தமைக்கு அந்த எண்ணே சாட்சி. போலி செய்வோரும் இதனை நன்கறிவர். பழைய உறைகளில் பொய்ம்முத்திரை குத்தி விற்றவர் உண்டு. ஆகவே, தேர்ந்த சேகரிப்பாளர் முத்திரையின் நாளை நோக்கி, அந்நாளையொட்டி எக்கப்பல் கரைசேர்ந்தது என்று பழைய செய்தித்தாள்களில் தேடுவர். பல மாதத் தேடலுக்குப் பின் கப்பலின் பெயர் கிட்டுவதும் உண்டு. கிட்டாமலே போவதும் உண்டு.

1865 ஜனவரி 15இல், வில்மிங்டனின் கடல்வாயிலைக் காத்த பிஷர் கோட்டை வீழ்ந்தது. அதற்குப் பிந்திய நாளிட்ட வில்மிங்டன் கப்பல் உறை எதிர்ப்படின், அவர்கள் அதனை ஐயத்துடனேயே கையில் எடுப்பர்.