நஞ்சுமிழும் நாகம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர் நம் முன்னோர். ஆயினும், அச்சம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது, அறிவே காப்பாற்றும். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் கோலா கெத்தில் வட்டாரத்தில், பால்மரங்களும் செம்பனைகளும் சூழ வாழும் நாம், நம் காலடியில் வாழும் நஞ்சுமிழும் நாகத்தைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்.

உருவமும் பெயரும்

அறிவியலார் இதனை ‘நாஜா சுமத்ரானா’ என்று அழைப்பர். மலாய்க்காரர் நாகத்தை ‘ஊலார் செண்டுக்’ என்பர். ‘செண்டுக்’ என்பது அகப்பை. படம் விரித்த கழுத்து அகப்பையைப் போல் தோன்றுவதே அதற்குக் காரணம். தீபகற்ப மலேசியாவில் வளர்ந்த பாம்பு பெரும்பாலும் கருநிறமாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். தமிழகத்து நல்லபாம்பின் படத்தில் உள்ள மூக்குக்கண்ணாடிக் குறி இதற்கில்லை. படத்தில் ஒற்றை வளையமுள்ள வேறொரு நாகமும் நம் வடபகுதியில் உண்டு.

வாழும் முறை

எலி, தவளை, பல்லி, பிற பாம்புகள் ஆகியவை இதன் உணவு. உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்ன எலிகள் வரும். எலிகளைத் தேடி நாகம் வரும். வெட்டிக் குவித்த மட்டைகள், விறகுக் குவியல், வளைகள் ஆகியவை இதற்கு உறைவிடம். இது முட்டையிடும் இனம். முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குட்டிக்கும் நஞ்சு உண்டு. ஆகவே, சிறியதென்று விளையாடுதல் ஆகாது.

நஞ்சை உமிழ்வது எவ்வாறு?

மற்ற நாகங்களின் நச்சுப்பல்லில் நஞ்சு வெளிவரும் துளை கீழ்நோக்கி இருக்கும். இதற்கோ துளை சிறியதாய் முன்நோக்கி அமைந்துள்ளது. தசைகள் நச்சுப்பையை அழுத்தியதும் நஞ்சு பீச்சாங்குழல் நீர்போல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவுவரை பாயும். பாம்பு அப்பொழுது தலையை அசைப்பதால் நஞ்சு பரவி விழும், கண்ணிற்படுவது எளிதாகிறது. இரையைக் கொல்ல இது கடிக்கும். உமிழ்வதோ தன்னைக் காத்துக்கொள்வதற்கே.

ஆப்பிரிக்க நாகங்கள், ஆசிய நாகங்கள், தென்னாப்பிரிக்காவின் ‘ரிங்கால்ஸ்’ ஆகிய மூன்று இனங்களிலும் இவ்வாற்றல் தனித்தனியே தோன்றியது என்றும், அவற்றின் நஞ்சு கடும் வலி தரும் வகையில் மாறியுள்ளது என்றும் 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது.

கண்ணில் பட்டால்

எரிச்சல் தாங்க முடியாததாக இருக்கும். கைகள் தாமே கண்ணைக் கசக்கச் செல்லும். கசக்கவே கூடாது! உடனே கண்ணைத் திறந்துவைத்து, தூய நீரால் குறைந்தது கால்மணி நேரம் கழுவவேண்டும். பச்சிலைச் சாறு எதையும் விடலாகாது. வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆகவேண்டும். கருவிழியில் புண் ஏற்பட்டுக் கவனியாது விட்டால் பார்வையே போய்விடக்கூடும்.

கடித்துவிட்டால்

கடித்த இடத்தைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் தீங்கானவை. கடிபட்டவரை நடக்கவிடாது, அவ்வுறுப்பை அசையாமல் வைத்து, 999 என்னும் எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. 1950, 1960-ஆம் ஆண்டுகளில் பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், நாகம் கடித்தவர் பலருக்குச் சிறிதளவே நஞ்சு ஏறியிருந்ததைக் கண்டார். மந்திரத்தால் பிழைத்ததாகக் கூறப்பட்டோருள் பலர் இத்தகையோரே ஆகலாம். ஆனால், யாருக்கு எவ்வளவு ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஆகவே, காலந்தாழ்த்துதல் கூடாது.

மாணவர்களே! விடியலில் பால்வெட்டச் செல்லும் பெற்றோரிடம் கைவிளக்கும் முழங்கால்வரை காலணியும் மறவாதிருக்கச் சொல்லுங்கள். மட்டைக் குவியலில் கைவிடாதீர்கள். நாகத்தைக் கண்டால் குனிந்து பார்க்கவோ கல்லெறியவோ வேண்டா. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல விலகுங்கள். வழி கிடைத்தால் அதுவும் தன் வழியே போய்விடும். எலிகளை உண்டு தோட்டத்திற்கு நன்மை செய்யும் உயிர் அது. அதற்கு அதன் இடம். நமக்கு நம் கண்.