மருமகனின் பரீட்சைக் கணக்கு

ஊரிலுள்ள மருமகனுக்கு 28 வயதாகிவிட்டது, இன்னும் ஐ.ஏ.எஸ். பரீட்சை என்று அறையில் அடைந்து கிடக்கிறான், கடைக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று நம்மில் பலருக்கு வீட்டிலிருந்து சொல்லி வருவதுண்டு. வயதைச் சொல்லுகிறார்கள், கணக்கைச் சொல்லுவதில்லை.

யூ.பி.எஸ்.சி. விதிப்படி பொதுப் பிரிவினர் 32 வயது வரை, 6 முறை எழுதலாம். பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, 9 முறை. 'கிரீமி லேயர்' எனப்படும் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இச்சலுகை கிடையாது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலே ஒரு முறை செலவாகிவிடும். ஆகவே, தயாரில்லாத வருஷம் சும்மா எழுதிப் பார்ப்பது சரக்கில்லாமல் கடை திறந்து வாடகை கட்டுவது போலாகும்.

முதல்நிலை மதிப்பெண் தரவரிசையில் சேராது. முதன்மைத் தேர்வு 1750, நேர்முகம் 275, ஆக 2025-க்குத்தான் போட்டி. நேர்முகம் வரை போய்த் தவறியவனும் அடுத்த வருஷம் முதல்நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய பாக்கி எதுவும் வரவு வைக்கப்படாது. பிள்ளைகள் மனமுடைவது இங்கேதான்.

ஆகையால், எந்தப் படியில் நிற்கிறான் என்று முதலில் கேட்போம். நான்கு முறையும் முதல்நிலையிலேயே நின்றவன் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். அல்லது அதே படிப்பைக்கொண்டு தமிழ்நாட்டு குரூப் 1, குரூப் 2 எழுதலாம். முதன்மைத் தேர்வில் கொஞ்சத்தில் தவறியவனுக்கு இன்னும் இரண்டு வருஷச் செலவை அனுப்பலாம் என்பதே எங்கள் எண்ணம். மாதம் எவ்வளவு, எதுவரை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சையும் அதுவரை நிறுத்தி வைக்கலாம். அவன் உம்மாவிடம் இதைச் சொல்லுவதுதான் சிரமம்.